பன்னிரண்டு கிளைக் கொம்பு

"விடியறதுக்கு முன்னாடியே எழுந்துட்டேன்," என்று டெஸ்மண்ட் ஆரம்பித்ததும் மெர்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏப்ரல் மாதம். ஆண்மான்கள் பெட்டையைத் தேடி மலை அதிர உறுமுகிற மாதம். ருவாஹினி மலைக்கு மேலே, நடந்தே ஏழு மணி நேரம் ஏறவேண்டிய தகரக் குடிலில், ஒரு வாரம் வேட்டையாட வந்தவர்களை மழை இரண்டு நாளாகக் கட்டிப்போட்டிருந்தது. மெர்வின், அவன் மனைவி நொரீன், முப்பது வருஷத்து நண்பன் டெஸ்மண்ட். கூடவே, மத்தியானம் நனைந்த கோழி மாதிரி வந்து ஒதுங்கிய ராவிரி என்கிற மாவோரி வாலிபன். அவன்தான் அடுப்புக்குப் பக்கத்தில் காலுறையைக் காயப்போட்டபடி கேட்டான்: "இந்தப் பக்கத்துல பெரிய மான் யாராவது அடிச்சிருக்கீங்களா, அங்கிள்?"

கேட்டிருக்க வேண்டாம்.

டெஸ்மண்ட் ஓடையில் தவழ்ந்தான். முள்ளில் புரண்டான். காற்று திசை மாறியது. பொழுது சாயும் நேரத்தில், இதே குடிலுக்கு நூறு அடி கீழே, ஒரே குண்டு. பன்னிரண்டு கிளைக் கொம்பு. அன்றைக்கும் இங்கே தங்கியிருந்தது மெர்வின் தம்பதியும் அவனும்தான். இருபத்திரண்டு வருஷமாக மெர்வின் கேட்கிற கதை. போன வருஷம் அதில் முள் கிடையாது.

"அடேங்கப்பா," என்றான் ராவிரி.

"வர்ற சனிக்கிழமை நம்ம வேட்டைக் கிளப்புல புது ஹால் திறக்கறாங்க. வாசலுக்கு நேரா அந்தக் கொம்பைத்தான் மாட்டப் போறாங்க. கீழே பித்தளைப் பலகைல என் பேரு," என்றான் டெஸ்மண்ட், கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரி. அந்தக் கூச்சத்தைத்தான் மெர்வினால் தாங்கவே முடியவில்லை. இனி செத்தால்கூட அந்தப் பலகைக்குக் கீழேதான் தன் இரங்கல் கூட்டம் நடக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

"பெரிய மான்னா அன்னிக்கு நான் பார்த்ததுதான்," என்றான்.

"பார்த்தீங்களா?"

"கேட்டேன். மேல முகட்டுல. நான் ஆண்மான் மாதிரி குழாயில உறுமறேன், அது பதிலுக்கு உறுமுது. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். அந்தக் குரலைக் கேட்டா உனக்கே தெரியும், இவன் மானெல்லாம் அதுக்கு முன்னாடி கன்னுக்குட்டி."

"அடிச்சீங்களா?"

"இல்ல."

"ஓ," என்றான் ராவிரி. சின்ன 'ஓ'தான். மெர்வினின் மானம் அதிலேயே கப்பலேறியது.

"குரல் பெருசுன்னு அன்னிக்கே சொன்னான், பாவம்," என்று டெஸ்மண்ட் பரிந்து பேசினான். எரிகிற இடத்தில் எண்ணெய்.

"அது பன்னிரண்டு கிளை இல்ல. பத்து," என்றான் மெர்வின்.

"சனிக்கிழமை வந்து எண்ணிக்கோயேன். பாலிஷ் போட்டு வச்சிருக்கேன்."

"நானும் வரட்டுமா, அங்கிள்?" என்றான் ராவிரி. "எங்க அப்பாவையும் கூட்டிட்டு வரேன்."

நொரீன் மூலையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "மெர்வ், போய் விறகு எடுத்துட்டு வா," என்றாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் கண் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியில் நின்றிருந்தது.

எந்தக் குடிலானாலும் வருகிறவர்கள் நோட்டில் பேரெழுத வேண்டும். எங்கே போகிறார்கள், என்ன அடித்தார்கள், எல்லாம். காணாமல் போனால் தேட வருகிறவர்கள் பார்ப்பது அதைத்தான். பழைய நோட்டுகளை எலி தின்னாமல் தகரப் பெட்டியில் போட்டுவைப்பார்கள். மெர்வின் பெட்டியை இறக்கி, தும்மிக்கொண்டே தோண்டினான்.

அந்த வருஷம். ஏப்ரல். அந்த நாள். டெஸ்மண்டின் கோணல் கையெழுத்து.

படித்தான். மறுபடி படித்தான். அவன் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது.

"எல்லாரும் கேளுங்க. 'மணி நாலு. பல்வலி உயிர் போகுது. காலைலேர்ந்து படுக்கையை விட்டு எழுந்திருக்கலை. இன்னிக்கு இனிமேலும் எழுந்திருக்கப் போறதில்லை. டெஸ்மண்ட்.'"

டெஸ்மண்ட் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"என்னமோ ஓடையில தவழ்ந்தியே. முள்ளுல புரண்டியே."

"காட்டுங்க அங்கிள்," என்று ராவிரி நோட்டை வாங்கினான். "அட, கீழே உங்களோடதும் இருக்கு. 'மாலை ஏழு. என் ஆயுசுல கேட்டதிலேயே பெரிய மான். நாள் பூரா எனக்குப் பதில் சொன்னது. மெர்வின்.'"

"பார்த்தியா," என்றான் மெர்வின், நெஞ்சை நிமிர்த்தி.

"அதுக்குக் கீழே அடுத்த நாள் தேதி போட்டு இன்னொருத்தர். 'முகட்டுக்கு அந்தப் பக்கப் பள்ளத்தாக்குலேர்ந்து வந்தேன். நேத்து நாள் பூரா ஒரு பெரிய மானுக்கு உறுமினேன், அதுவும் உறுமிச்சு. சாயங்காலம் முகட்டுல ஏறிப் பார்த்தா, பச்சைக் குல்லா போட்ட தடியன் ஒருத்தன் குழாயில ஊதிட்டுக் கீழே இறங்கிப் போறான். எனக்குச் சிரிப்பு அடங்கறதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.'"

எல்லார் கண்ணும் ஆணியில் தொங்கிய மெர்வினின் பழைய பச்சைக் குல்லாவுக்குப் போனது. ராவிரி காலுறையால் வாயைப் பொத்திக்கொண்டான். டெஸ்மண்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. கேட்டவர்களிடமெல்லாம் இருபத்திரண்டு வருஷமாகத் தன் மான்தான் பெரிசு என்று சொல்லி வந்த மெர்வினுக்குக் காது மடல்வரை சிவந்தது.

"அது கிடக்கட்டும்," என்று கத்தினான். "நானாவது உண்மையா ஏமாந்தேன். இவன் பொய் சொல்லி ஊரை ஏமாத்திட்டான். இந்த நோட்டைக் கிளப்புல கொண்டுபோய்க் காட்டறேன். பலகை வராது, ஒண்ணும் வராது."

"மெர்வ், வேண்டாம். விட்டுடு," என்றான் டெஸ்மண்ட். அவனுக்குச் சிரிப்பு நின்றிருந்தது.

"ஏன் விடணும்? நான் இறங்கி வந்தப்ப மான் இங்கே தொங்கிச்சு. நீதான் அடிச்சேன்னு சொன்னே. நீ படுக்கையை விட்டே எழுந்திருக்கலைன்னா அதை யாருடா அடிச்சா?"

டெஸ்மண்ட் மூலையைப் பார்த்தான்.

"போதும் டெஸ், நீ பட்டது," என்றாள் நொரீன், கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான்தான் அடிச்சேன், மெர்வ், டெஸ் அடிச்சதுன்னா நீ வருஷத்துக்கு ஒரு வாரம் பொருமிட்டு விட்டுடுவே, நான்னு தெரிஞ்சா உன்கூட மீதி அம்பத்தோரு வாரம் எப்படிக் குடித்தனம் பண்றது?"