பீரோ மேல் ஒரு டப்பா

பாவம், அந்த டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்கு முகம் ஒன்று, நிறம் இரண்டு. இருபது வருஷமாகக் காரில் ஜன்னலோரமே உட்கார்ந்து, வெயில் பட்ட கன்னத்தில் மட்டும் மங்கு விழுந்து கருந்திட்டாகப் படர்ந்திருந்தது. தோல் டாக்டர், "காலையிலயும் மத்தியானமும் சன்ஸ்கிரீன் பூசணும், தொப்பி போடணும். இல்லைன்னா இன்னும் பரவும்" என்று எழுதிக் கொடுத்தார். மனுஷன் வீட்டுக்கு வந்ததும் சபதமே போட்டுவிட்டார்.

"செத்தாலும் மூஞ்சியில கிரீம் பூச மாட்டேன். நான் என்ன கல்யாணப் பொண்ணா?"

"சரி, விடுங்க" என்றாள் மனைவி. இத்தனை சுலபமாக அவள் எதையும் விட்டதில்லை. அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுவாரம் செருப்புக் கடைக்காரர் அவளைக் காட்டி, "உங்க பொண்ணுக்கும் சேத்துப் பாக்கலாமா சார்?" என்று கேட்டுத் தொலைத்தார். இத்தனைக்கும் அவள் இவரைவிட ஒரு வயசுதான் சின்னவள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நீ மூஞ்சிக்கு என்னதான் போடுற?"

"ஒண்ணுமில்லையே."

"பீரோ மேல, பழைய பெட்டிக்குப் பின்னாடி ஒரு டப்பா பாத்தேனே?"

"அதுவா? எனக்கு மட்டும் வாங்கினது. ரொம்ப விலை. நீங்க கை வெச்சிடாதீங்க."

வைக்காதே என்றால் அவருக்குக் கை அரிக்கும். காலையில் அவள் குளிக்கும்போது நாற்காலி போட்டு ஏறி, டப்பாவிலிருந்த கிரீமை அள்ளி மூஞ்சியில் பூசிக்கொண்டார். மத்தியானம் அவர் சாப்பிட வந்தால், அவள் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போவாள், அப்போதும் ஏறினார். அள்ளிய பள்ளம் தெரியாமல் கரண்டிக் காம்பால் நிரவி வைத்தார். மூன்று மாசம் அள்ளியும் டப்பா குறையவே இல்லை. அதையும் தன் சாமர்த்தியம் என்றுதான் நினைத்தார்.

மறுபடி டாக்டரிடம் போனார்கள். டாக்டர் அவர் கன்னத்தைத் திருப்பிப் பார்த்து, "முழுசா போகலை, ஆனா நல்லாக் குறைஞ்சிருக்கே. சன்ஸ்கிரீன் விடாம பூசினீங்களா?" என்று கேட்டார்.

"தொடவே இல்லை டாக்டர். நம்ம உடம்புவாகு அப்படி" என்று வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தினார்.

மனைவி பைக்குள் கைவிட்டு, பிழிந்து சப்பையான சன்ஸ்கிரீன் டியூப் ஆறை மேசைமேல் வைத்தாள்.

"இதைத்தான் டாக்டர் அந்த டப்பாவுல ரொப்பி ரொப்பி வெச்சேன். கெஞ்சினா கேக்க மாட்டார். திருட நேரம் குடுக்கணுமேன்னு, மழை நாள்லயும் துணி எடுக்க மாடிக்குப் போனேன்." சிரித்தபடி ஆரம்பித்தவள் கடைசியில் அவர் கன்னத்தையே பார்த்தாள். "இன்னும் பரவிடுமோன்னு எனக்குத்தான் பயம்."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் தலை நனைந்து இறங்கி வந்த மத்தியானங்கள்தான் ஞாபகம் வந்து மனசு இளகிப்போனது. இருந்தாலும் வீறாப்பு என்று ஒன்று இருக்கிறதே. தெருவில் இறங்கியதும் சொன்னார்:

"இனிமே உன் ஜம்பம் எங்கிட்ட பலிக்காது."

"எங்க பலிக்கப் போகுது" என்றபடி அவள் பையிலிருந்து ஓர் அகலத் தொப்பியை எடுத்தாள். "இது எங்க அண்ணனுக்கு வாங்கினது. உங்களுக்கு எடுப்பா இருக்காது, போட்டுப் பாக்காதீங்க."

தெருமுனை திரும்புவதற்குள் அது அவர் தலையில் இருந்தது.