பாதஞானி பார்த்த கால்

செருப்புக் கடைக்கு மேலே மாடி அறை ஒன்று காலியாக இருந்தது. அங்கே ஒரு மகான் தோன்றினார். கீழே காலுக்கு அளவு பார்த்தார்கள். மேலே காலுக்கு விதி பார்த்தார்கள். இரண்டே மாதத்தில் வரிசை மாடிப்படியை நிரப்பி, தெருவில் இறங்கி, பேருந்து நிறுத்தம்வரை போய்விட்டது. பேருந்துக்கு நிற்பவர் யார், மோட்சத்துக்கு நிற்பவர் யார் என்று ஓட்டுநர்களுக்கே தெரியவில்லை.

பெயர் பாதஞானி. முகம் பார்க்க மாட்டார், கைரேகை பார்க்க மாட்டார். அதெல்லாம் பழைய பாணியாம். அறைக்குக் குறுக்கே ஒரு கறுப்புத் திரை. அதன் அடிப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. குறை சொல்ல வந்தவர் பக்கவாட்டுக் கதவு வழியாகத் திரைக்குப் பின்னால் போய், நாற்காலியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் வெளியே நீட்ட வேண்டும். இந்தப் பக்கம் ஞானி. அவர் முதுகுக்குப் பின்னால் பக்தர் கூட்டம். ஷூவைக் கழற்ற வேண்டியதில்லை. "தோலையே துளைக்கிற பார்வைக்கு ஷூவெல்லாம் எம்மாத்திரம்?" என்பார். தொடவும் மாட்டார். தொட்டால் காலில் உள்ள ஆவி அவர்மேல் தாவிவிடுமாம்.

பிறகு கண்களை இறுக மூடிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பவருக்குத் திரை எதற்கு என்று கூட்டத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"தூக்கம் வரலை. படுத்தா காலுக்குள்ள ஏதோ ஊருது. உங்க பரம்பரையில யாரோ பாதி வழியிலயே செத்திருக்காங்க. அவங்க நடக்காம விட்ட தூரத்தை நடக்கணும்னு இந்தக் கால் துடிக்குது!"

கூட்டம் "ஆ!" என்று வாய் பிளக்கும். திறந்த வாய்க்குள் ஒரு நித்திரை உருண்டை விழும். நிலா வெளிச்சத்தில் ஊறிய வேரில் செய்ததாம். சாப்பிட்டவர்கள் நிஜமாகவே தூங்கினார்கள். அதுதான் சங்கடம்.

பெரிய துணிக்கடை ஒன்றில் கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்துத் தைக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். கடையில் எல்லோருக்கும் அவள் பட்டன் அக்கா. பகலெல்லாம் மெஷினை மிதித்த கால், படுத்த பிறகும் மிதித்துக்கொண்டே இருந்தது. எலும்புக்குள் எறும்பு ஓடுகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. எழுந்து நடந்தால் அடங்கும்; படுத்தால் மறுபடி தொடங்கும். பக்கத்தில் படுத்த பாவத்துக்கு அவள் கணவனின் முழங்காலுக்குக் கீழே எப்போதும் நீலம் பூத்திருக்கும். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன்.

அவள் முதலில் போனது டாக்டரிடம்தான். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"உடம்புல இரும்புச் சத்து ரொம்பக் கீழ இருக்கு. அதுக்கு மாத்திரை தரேன். தூங்குற நேரம் தாறுமாறா ஆயிடுச்சு, அதுக்கு மெலடோனின், ரொம்பக் குறைஞ்ச அளவு. தினமும் ஒரே நேரத்துக்குப் போடுங்க. ஒரு விஷயம், சிலருக்கு இது கால் தவிப்பைக் கூட்டலாம்னு சொல்றாங்க. அடிச்சுச் சொல்ற அளவுக்கு எனக்குத் தெரியாது. கூடினா உடனே வந்து சொல்லுங்க."

தெரியாது! கூடவே போயிருந்த நாத்தனாருக்கு அந்த ஒரு சொல்லில் மருத்துவத்தின்மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது. நாத்தனார், பட்டன் அக்காவின் கணவனுக்கு அக்கா; கணவரை இழந்தவள். பாதஞானியின் வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களின் விவரத்தை எழுதி உள்ளே அனுப்பும் சேவையைச் சம்பளம் இல்லாமல் செய்துவந்தாள்.

"தெரியாதுன்னு சொல்றவங்ககிட்ட உனக்கு என்னடி வேலை? எங்க ஞானிக்குத் தெரியாததே கிடையாது."

பட்டன் அக்கா போனாள். கால் நீட்டினாள். ஞானி கண்ணை மூடினார்.

"இரும்பு சாப்பிடுறியா? அடடா! இரும்பு சங்கிலி ஆச்சே. சங்கிலி போட்டா ஆவி எப்படிம்மா வெளிய போகும்? நிறுத்து. பொழுது சாஞ்சதும் ரெண்டு உருண்டை."

முதல் நான்கு நாள் அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். ஐந்தாம் நாள் கால் ஆடிய ஆட்டத்தில் கட்டில் சுவரில் இடித்தது. ஓடிப்போய்ச் சொன்னாள்.

"ஆவி மூட்டை கட்டுது. கிளம்பும்போது சத்தம் இருக்கத்தான் செய்யும். நாலா சாப்பிடு. வீட்டுக்காரருக்கும் காலையில ஒண்ணு கொடு. அவர் அமைதியானா உன் காலும் அமைதியாகும்."

இரும்பை நிறுத்தி உருண்டையைக் கூட்டினால் கால் ஏன் ஆடாது? இது ஆவிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் ஒரு நாள், காலையில் உருண்டையை விழுங்கிவிட்டு வேன் எடுத்துப்போன கணவன் பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னங்க ஆச்சு?"

"சிக்னல்ல நிறுத்தினேன். பச்சை விழுந்தது தெரியலை. தூங்கிட்டேன். பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிக்கிறாங்க, பசங்க எல்லாம் 'அங்கிள் தூங்குறார்'னு கைதட்டிச் சிரிக்குதுங்க. விளையாட்டுன்னு நினைச்சுட்டாங்க." அவன் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான். "ஓடிட்டு இருக்கும்போது வந்திருந்தா..."

அவள் நூல் வெட்டும் கத்தரியை எடுத்து ஓர் உருண்டையை இரண்டாக வெட்டினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள். சரியாக இடிபடாத ஒரு துண்டில், நடுவே கோடும் பக்கத்தில் அழுத்திய எழுத்தும் இருந்தன. நிலாவில் ஊறிய வேருக்கு எழுத்து எங்கிருந்து முளைத்தது?

டாக்டரம்மா அந்தத் துண்டை மருந்துக்கடைக்காரரிடம் காட்டி விசாரித்தார். அதே மெலடோனின்தான். ஆனால் ஒரு மாத்திரையே அவர் எழுதிக் கொடுத்த அளவைப்போல் பத்து மடங்கு.

"ஒரு நாளைக்கு எத்தனை உருண்டை சாப்பிட்டீங்க?"

"நாலு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்றே மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்.

செய்தியைப் பட்டன் அக்கா நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் அசையவில்லை. "உருண்டையில என்ன கலந்தா என்னடி? என் காலைப் பார்த்து என் வீட்டுக்காரரைப் பத்திச் சொன்னாரே, அது பொய்யா? அவருக்குக் கண் இருக்கு."

"சரி அண்ணி. கண்ணையே பார்த்துடலாம்."

மறுநாள் மதியம் ஒரு பெரிய துணிக்கடைப் பையோடு மாடி ஏறினாள்.

"என் ஒண்ணுவிட்ட மாமாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன் அண்ணி. ரொம்பக் கூச்ச சுபாவம். பக்கத்துக் கதவு வழியா உட்கார வெச்சுட்டேன். எழுதிக்குங்க, கப்பல்ல வேலை பார்த்தவர். ரெண்டு கல்யாணம். தூக்கமே இல்லை."

நாத்தனார் எழுதினாள். சீட்டு உள்ளே போனது. திரைக்கு அடியில் இரண்டு கால்கள் நீண்டன. சாம்பல் நிறக் கால்சட்டை, பழுப்பு ஷூ. ஞானி கண்ணை மூடினார்.

"தண்ணி... எங்க பார்த்தாலும் தண்ணி. ரெண்டு பக்கமும் ரெண்டு பொம்பளைங்க நின்னு அழறாங்க. ஐயோ, இந்த மனுஷன் பல வருஷமா கண்ணையே மூடலை!"

கடைசியாகச் சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. கண் இருந்தால்தானே மூட.

திரைக்குப் பின்னாலிருந்து பட்டன் அக்காவின் குரல் பணிவாக வந்தது. "ஐயா, ஆவி எந்தக் கால்ல இருக்குன்னு சொன்னீங்கன்னா..."

"இடது கால்! எப்படித் துடிக்குது பாருங்க!"

"அப்ப அதை நீங்களே வெச்சுக்குங்க."

இடது கால் தனியாகக் கழன்று, தரையில் வழுக்கிக்கொண்டு வந்து ஞானியின் மடியில் முட்டியது. ஞானி அலறினார். திரை விலகியது. நாற்காலியில் துணிக்கடைப் பொம்மை ஒன்றின் இடுப்புக்குக் கீழ்ப்பாதி, மிச்சமிருந்த ஒற்றைக் காலோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் அறையே சிரித்தது. ஞானி விடவில்லை. "பொம்மைக்குள்ளயும் ஆவி புகும்! தெரியாம சிரிக்காதீங்க!"

"புகட்டும்யா," என்றார் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர். "அதுக்கு ரெண்டு கல்யாணம் பண்ணி வெச்சது யாரு?"

"நான்."

எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் நாத்தனார் சீட்டுக் கட்டோடு நின்றாள்.

"நான்தான் எழுதிக் கொடுத்தேன். வரிசை குழம்பாம இருக்கத்தான் எழுதச் சொல்றார்னு நினைச்சேன். உங்க எல்லாருக்கும் அவர் சொன்னது, நீங்க என்கிட்ட சொன்னதுதான்." அவள் ஞானியின் அருகே வந்தாள். குரல் உயரவே இல்லை. "முதல் நாள் என் சீட்டையும் நான்தான் எழுதினேன். வீட்டுக்காரர் போயிட்டார், கடைசியில சண்டையோட போனார்னு எழுதினேன். அவர் என்னை மன்னிச்சுட்டதா சொன்னீங்களே ஐயா. அது எந்தச் சீட்டுல இருந்தது?"

சிரிப்பு நின்றுவிட்டது. எதையும் அறிந்த ஞானிக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. பின்வாசல் எங்கே என்பது மட்டும் தெரிந்தது. இறங்குகிற வழியில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். முதல்முறையாக அவர் மனிதர்களின் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.

பட்டன் அக்கா மறுபடி இரும்பு மாத்திரைக்குத் திரும்பினாள். மெலடோனினை அடியோடு நிறுத்திப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. நிறுத்தினார்கள். சில மாதங்களில் கால் மெல்ல அடங்கியது. முழுக் குணம் என்று சொல்ல முடியாது. வாரத்தில் ஓரிரு நாள் எறும்பு எட்டிப் பார்க்கும். அதை எழுதிக்கொண்டு போய்ச் சொல்கிறாள். டாக்டரம்மா யோசிக்கிறார், மாற்றிப் பார்க்கிறார்.

நாத்தனார் ஒரு மாதம் கழித்து ஒரு நாள், இரண்டு தெரு தள்ளி காது மடலைப் பார்த்து வாழ்க்கையைச் சொல்கிறவர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பட்டன் அக்காவையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கேயும் வரிசை. அங்கேயும் சீட்டு. பேனாவை நீட்டியவரிடம் அவள் கேட்டாள்:

"எதையும் எழுதிக் கொடுக்காம, யார் காதுன்னும் சொல்லாம காட்டினா, உங்காளு சொல்லுவாரா?"

அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். இன்று காது பார்ப்பது முடிந்துவிட்டதாம். நாளையும் இல்லையாம்.

ஒரே ஒரு கேள்வி. ஒரு கடை சாத்திக்கொண்டது. ஊரில் இன்னும் எத்தனையோ கடைகள் திறந்தே இருக்கின்றன. உங்களிடம் கேள்விகளுக்கா பஞ்சம்? அவற்றை வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு வரிசையில் நின்று என்னதான் செய்கிறீர்கள், மக்களே?