மாப்பிள்ளை மாட்டிய மீட்டர்

சேலையூர்,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மாப்பிள்ளை ஜோனத்தான் அவர்களுக்கு,

மாமா தேவானந்தம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அத்தை ரத்தினபாயும் இங்கே சுகம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் நாங்கள் சுகமா இல்லையா என்பதை நீங்களும் என் மகள் ஜோவிதாவும் பெங்களூரில் உட்கார்ந்தபடியே போனில் கோடாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உங்கள் சுகத்தைக் காட்ட எங்களிடம் கோடு எதுவும் இல்லை, ஆகவே நீங்கள் இருவரும் நலமா என்று பழைய முறைப்படியே கேட்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். போன் செய்தால் மீட்டிங் என்கிறீர்கள், வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் வருகிறது. கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, உங்கள் கம்பெனி எங்கள் தெருவைப் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறது, முதல் வீடாக மாமா வீடுதான் இருக்க வேண்டும் என்று சொல்லி, பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினீர்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்குப் பின்னால், கிரைண்டருக்குப் பின்னால் என்று வீடு முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகளையும் செருகினீர்கள். எது எப்போது ஓடுகிறது என்று அவை உங்கள் இருவர் போனிலும் கோடு போட்டுக் காட்டும் என்றீர்கள். எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று மீட்டர்களே சொல்லும், மாடிகளில் வெயிலில் கிடைக்கிற கரண்ட்டை ஊரே பங்கு போட்டுக்கொள்ளும், பழுது வந்தால் கம்பி தானே தெரிந்துகொண்டு வேறு வழியில் கரண்ட்டை அனுப்பும் என்றீர்கள். "இனிமே கரண்ட்டே யோசிக்கும் மாமா" என்று நீங்கள் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. நான்தான் முதலில் கைதட்டினேன். ரயில்வே பார்சல் ஆபீசில் காலம் தள்ளியவன் நான். யோசிக்கிற எதையும் அங்கே பார்த்ததில்லை, அதனால் மயங்கிவிட்டேன்.

உங்கள் கரண்ட் முதலில் யோசித்தது கிரைண்டரைப் பற்றி. சனிக்கிழமை சாயங்காலம்தான் இந்த வீட்டில் மாவு ஆட்டுவது, கல்யாணமான நாள் முதல் அப்படித்தான். பாதி ஆட்டும்போது கிரைண்டர் நின்றது. இது தேவை அதிகமுள்ள நேரம், தயவுசெய்து பிறகு முயலவும் என்று என் போனுக்குச் செய்தி வந்தது. உளுந்துக்குத் தயவு தாட்சண்யம் தெரியாது, பொங்கிக்கொண்டே இருந்தது. உங்கள் அத்தை குண்டானைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுத் தையல்நாயகியிடம் போனாள். அந்தப் பெண்ணும் இதே தெருதான், இதே மீட்டர்தான், ஆனால் வெள்ளைப் பெட்டிகளை வேண்டாம் என்று சொல்லிவிட்ட புத்திசாலி. "இன்னாக்கா, உங்க வூட்ல மாவாட்டணும்னா பெங்களூர்ல பர்மிசன் வாங்கணுமா?" என்று கேட்டாளாம். அது ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் பரவி, மீன் விற்க வருகிற கங்கம்மாகூட என்னைப் பார்த்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறாள்.

அடுத்தது ஜெபக்கூட்டம். ஆள் அசைவு இல்லாவிட்டால் ஃபேனை நிறுத்துகிற கருவி ஒன்றை ஹால் மூலையில் ஒட்டினீர்களே, அதன் திருவிளையாடலைக் கேளுங்கள். மே மாதம், ஹால் நிறைய ஜனம், பாஸ்டர் கண்ணை மூடி நாட்டுக்காகவும் தலைவர்களுக்காகவும் ஜெபிக்கிறார், அவர் எப்போதும் நீளமாக ஜெபிப்பவர், ஒருவரும் அசையவில்லை. வீட்டில் ஆளே இல்லை என்று உங்கள் கருவி முடிவு செய்து ஃபேன்களை நிறுத்திவிட்டது. ஜனம் ஆவியில் நிறைந்து வியர்க்கிறது என்று பாஸ்டர் நினைத்து இன்னும் நீட்டினார். அடுத்த கூட்டத்துக்கு நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு அவ்வப்போது கையை ஆட்ட வேண்டும் என்று உங்கள் அத்தை ஏற்பாடு செய்தாள். ஆட்டினேன். தேவானந்தம் ஐயா கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல ஆசைப்படுகிறார் என்று பாஸ்டர் என்னை எழுப்பி நிறுத்திவிட்டார். என்னத்தைச் சாட்சி சொல்றது, ஃபேனுக்காக ஆட்டினேன்னு சொல்ல முடியுமா, ஏதோ உளறிட்டு உக்காந்தேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் கேம்ப் ரோட்டுப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தபோது, மற்ற தெருக்கள் மறுநாள் வரை இருட்டில் கிடந்தன. எங்கள் தெருவுக்கு நான் மெழுகுவர்த்தியைத் தேடி எடுப்பதற்குள் வேறு வழியாகக் கரண்ட் வந்துவிட்டது. அந்த விஷயத்தில் நீங்கள் கெட்டிக்காரர், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊருக்கு இதெல்லாம் வேண்டும்தான். வயிற்றெரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது மாப்பிள்ளை.

இந்த மீட்டர் வருவதற்கு முன்னால் ஜோவிதா தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்வாள். பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். என்ன குழம்பு, மழையா, அப்பா மாத்திரை போட்டாரா, அவ்வளவுதான். உங்கள் அத்தைக்கு அதுதான் அன்றைய நாள். மீட்டர் வந்த பிறகு அது வாரத்துக்கு இரண்டாகி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகி, அதுவும் நின்றது. நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஆப்ல பாத்துட்டுதாம்பா இருக்கேன், காலைல மிக்சி ஓடிச்சு, மத்தியானம் டிவி ஓடிச்சு, நல்லாதானே இருக்கீங்க" என்றாள். மிக்சி நன்றாகத்தான் இருக்கிறது. மிக்சிக்கு மகள் யாரும் இல்லை, அது ஏங்கவும் இல்லை.

போன மாதம் உங்கள் அத்தை பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. இது உங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது. அவளைக் குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கிளம்பிய பதற்றத்தில் ஹால் லைட்டையும் டிவியையும் நிறுத்தாமல் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கம்பெனியிலிருந்து, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பயன்பாடு மிகச் சிறப்பு என்று பச்சை இலை படத்தோடு செய்தி வந்தது. மாவு ஆட்டவில்லை, துணி துவைக்கவில்லை, சிறப்பாக இல்லாமல் என்ன செய்யும். அதையே ஜோவிதா எனக்கு அனுப்பிக் கைதட்டும் படமும் போட்டாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவளிடம் அதைக் காட்டினேன், காட்டியிருக்கக் கூடாது. மகளுக்குச் சொல்லட்டுமா என்றதற்கு, "வேணாம், அவளா கேக்கட்டும்" என்றாள். இன்றைக்கு வரை யாரும் கேட்கவில்லை. ஏழு மணிக்கு இடது கைப்பக்கம் போனை வைத்துக்கொண்டு உட்காருகிறாள், எட்டுக்கு எழுந்து போகிறாள், நான் பேப்பர் படிப்பதுபோல் இருக்கிறேன். எனக்கு இதைப் பார்க்கச் சகிக்கவில்லை மாப்பிள்ளை.

ஆகவே என் வேண்டுகோள். மீட்டர் இருக்கட்டும், ஊர்க் கணக்குக்கு அது வேண்டும். வெள்ளைப் பெட்டிகளை எல்லாம் ஆள் அனுப்பிக் கழற்றிக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு போன்களிலிருந்தும் எங்கள் வீட்டை எடுத்துவிடுங்கள். நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று தெரிய வேண்டுமானால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதில் மாற்றமில்லை.

உங்களுக்கும் ஜோவிதாவுக்கும் எல்லா நன்மைகளையும், நல்ல பதவி உயர்வையும் ஆண்டவர் தந்தருள வேண்டிக்கொள்கிறேன். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் ஸ்தோத்திரம் சொல்லவும். அவர்கள் வீட்டில் இதை மாட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா,
தேவானந்தம்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை, அதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. செவ்வாயன்று எழுதி முடித்த ஆத்திரத்தில் போய் மெயினை இறக்கிவிட்டேன். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால். தெருவெல்லாம் வெளிச்சம், எங்கள் வீடு மட்டும் இருட்டு. உடனே போன் அடித்தது. "அப்பா, கோடு படுத்துடுச்சே, என்னப்பா ஆச்சு, அம்மா எங்க" என்று ஜோவிதா அழுதாள். போனை அவள் அம்மாவிடம் கொடுத்தேன். கை முறிந்ததைச் சொல்லி இவள் அழ, அவள் அழ, சார்ஜ் தீரும் வரை பேசினார்கள். நான் மெயினை ஏற்றினேன். மறுநாள் கூரியரில் விலையுயர்ந்த மணிக்கட்டுப் பட்டை ஒன்று வந்தது, போன் வரவில்லை. வியாழக்கிழமை மறுபடி இறக்கினேன், வந்தது. ரத்தினபாய்க்கு இது தெரியாது. கரண்ட் போகிற நேரத்தில் கர்த்தர் மகளின் இருதயத்தை ஏவுகிறார் என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லப் போகிறாள். ஆகவே மேலே எழுதியதைத் தள்ளிவிடுங்கள், பெட்டிகளைக் கழற்ற வேண்டாம், ஜோவிதா போனிலிருந்து எங்கள் வீட்டை எடுத்துவிடவே வேண்டாம். இனி ஏழு மணிக்குச் சேலையூரில் ஒரு வீட்டின் கோடு அடிக்கடி விழும். உங்கள் ரிப்போர்ட்டில் பழுது என்று எழுதிக்கொள்ளுங்கள். சரிசெய்ய ஆள் அனுப்பிவிடாதீர்கள்.