சனிக்கிழமை வகுப்பை நானே மூடிய விதம்

கண்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தங்கச்சி மேபலுக்கு,

அண்ணன் சுவக்கின் எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நலம். என் முழங்கால் விஷயம் மட்டும் அவர் கவனத்துக்கு இன்னும் போகவில்லை. ஹேவாஹெட்டவில் உன் மேல் அறை சும்மா கிடக்கிறது, வந்து இரு என்று மூன்றாம் தடவையும் எழுதியிருந்தாய். சனிக்கிழமை எனக்குப் பல்கலைக்கழக வகுப்பு இருக்கிறது, வர முடியாது என்று பதில் எழுத இருந்தேன். அதற்குள் நடந்ததைக் கேள்.

உன் அண்ணி கண்ணை மூடிய பிறகு வாரத்தில் ஆறு நாள் நான் பேசும் ஆள் ரொட்டி விற்க வரும் பாண்காரர் ஒருவர்தான், அவரும் ஆட்டோவில் பாட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். அதனால்தான் இந்த வயதில் தொலைக்கல்வியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தேன். வீட்டிலிருந்தே படிப்பு, சனிக்கிழமை மட்டும் எல்லாரும் நேரில் கூடுவோம். அந்த ஒரு நாளையும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கணினிக்கு மாற்ற ஐந்தாண்டுத் திட்டம் போட்டார்கள். ஒருநாள் வெள்ளோட்டமும் பார்த்தார்கள். நான் தலை சீவி, கதிரையைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தால், திரையில் நாற்பது பெயர், ஒரே ஒரு முகம். அது என்னுடையது.

மூத்த மாணவன் என்று திட்டக் கூட்டத்துக்கு என்னைப் பிரதிநிதியாக அழைத்தார்கள். என்னோடு படிக்கும் கஜனி, கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, "அங்கிள், எங்க லயத்து வீட்டுல சிக்னலே இல்லைங்க, தண்ணித் தொட்டி மேல ஏறினாத்தான் வரும். நீங்கதான் பேசணும்" என்றாள். நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் படம் காட்டிவிட்டுத் தலைவர் மக்கீன் சேர், "முதல் வேலையா நேரடி வகுப்பை இந்த வாரமே நிப்பாட்டுற தீர்மானம். வழிமொழியிறது யாரு?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாவு வீட்டுச் செலவுக்கு உதவும் நம் மரணாதார சங்கத்தில் இப்படி எல்லாரும் மௌனமாக இருக்கும்போது, இருபது வருஷமாகக் கூட்டத்தை முடித்து வைக்கிறவன் யார், நான்தானே. பழக்கதோஷம், "வழிமொழிகிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உடனே தேத்தண்ணியும் பெட்டிஸும் வந்தன. நாலு பக்கமும் பையிலேயே இருந்தது.

மறுநாள் ஆட்சேபக் கடிதம் கொண்டுபோனேன். மக்கீன் சேர் கூட்டக் குறிப்பைத் திருப்பிக் காட்டி, "வழிமொழிஞ்ச நீங்களே எதிர்த்தா நான் எப்படி எழுதுறது ஐயா?" என்றார். கஜனி திட்டவில்லை. "பரவாயில்லைங்க அங்கிள், தொட்டியில ஏறிக்கிறேன்" என்றாள். திட்டியிருக்கலாம்.

போன சனிக்கிழமை விடிய எழும்பி, சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டு, பஸ் தரிப்பு வரை போன பிறகுதான் வகுப்பு இல்லை என்று ஞாபகம் வந்தது. அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தனிமையாக இருக்கிறது மேபல். எழுதிவிட்டேன், இனி வெட்ட மாட்டேன்.

ஆனாலும் நீ கவலைப்படாதே. இந்த வீட்டை விட்டு நான் அசைய மாட்டேன். கணினியிலேயே படித்துத் தேறுவேன். மேல் அறையை யாருக்காவது வாடகைக்குக் கொடு.

உனக்கும் உன் கோழிகளுக்கும் மாதா காவல் இருப்பாராக.

அன்பு அண்ணன்,
சுவக்கின்

பி.கு.: மேல் அறையை யாருக்கும் கொடுத்துவிடாதே. நீ மூன்று தடவை முன்மொழிந்ததை வழிமொழிகிறேன். இந்தத் தடவை தீர்மானத்தை முழுக்க வாசித்துவிட்டுத்தான்.