மாமனார் விட்டுப்போன எஞ்சின்

இந்த வருஷம் கவுண்டி சந்தையில் நடக்கும் தோட்ட ட்ராக்டர்கள் பாரம் இழுக்கும் போட்டியில் வெண்டலை மண்ணைக் கவ்வ வைப்பது என்று டெல்பர்ட் முடிவு கட்டிவிட்டான். அங்கே மாவட்டத்துக்குக் கவுண்டி என்று பேர். வெண்டல் பக்கத்துப் பண்ணைக்காரன். வருஷா வருஷம் கோப்பையை வண்டியில் வைத்துக்கொண்டு டெல்பர்ட் வீட்டு வழியாகத்தான் போவான். அவன் வீட்டுக்கு நேர்வழி வேறு இருக்கிறது. இருந்தாலும் சுற்றிக்கொண்டு வந்து, ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போவான். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

டெல்பர்ட்டின் ட்ராக்டரில் ஒரு குறையும் இல்லை, எஞ்சினைத் தவிர. அது புல்வெட்டும் வண்டியிலிருந்து கழற்றிய அலுமினிய எஞ்சின். பாரம் ஏறினால் இருமும். அவனுக்கு வேண்டியது பழைய வார்ப்பிரும்பு ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். அதன் சுவர் கனம்; உள்ளே கடைந்து பெரிதாக்கினாலும் தாங்கும். அப்படி ஒன்று அவன் வீட்டிலேயே இருந்தது, மனைவி ஆர்டித்தின் ட்ராக்டரில். அவள் அப்பா அவளுக்கென்று விட்டுப்போனது. அதை வைத்துத்தான் தக்காளிக்கும் சோளத்துக்கும் உழுவாள். கேட்டால் தரமாட்டாள். கேட்கிற தைரியமும் இவனுக்குக் கிடையாது. ஆகவே பொய் சொன்னான்.

"ஆர்டித், உன் எஞ்சின் தேஞ்சு போச்சு. புகையா கக்குது."

"அப்படியா? நான் பாக்கலையே."

"நீ உழுற மண்ணைப் பாத்து ஓட்டுறே. புகையை எங்க பாக்கப்போறே?"

"சரி, என்ன செய்யலாங்கிறே?"

"புதுசா, சின்னதா ஒண்ணு மாட்டித் தரேன். இந்தப் பழசு சனியனை நானே எடுத்துக்கிறேன். போட்டிக்கு உயிர் வருதானு பாக்கலாம்."

"பாவம், உனக்குத்தான் வீண் சிரமம்" என்றாள் ஆர்டித்.

டெல்பர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நாள் இந்த மூளையை எங்கே வைத்திருந்தேன் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

அன்று முதல் கொட்டகையே கதி. சிலிண்டரைக் கடைந்தான். வால்வுகளைப் பெரிதாக்கினான். ஆர்டித் காப்பி கொண்டுவந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாள்.

"கவர்னரைக் கழட்டிட்டியா?"

"பின்னே? அதுதானே வேகத்தைக் கட்டிப்போட்டு வச்சிருக்கு."

"அந்த வேகத்துக்குப் பழைய கனெக்டிங் ராடு பிச்சுக்கிட்டு வெளியே வருமே. பழைய ஃப்ளைவீலும் வெடிச்சா உன் காலு உனக்கில்லை. ரெண்டையும் எஃகுல கடைஞ்சு போடு."

டெல்பர்ட் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பா சாப்பாட்டு மேசையில வேற என்னத்தைப் பேசினாரு? காப்பி ஆறுது, குடி."

முதல் தடவை முடுக்கினபோது கொட்டகையின் கண்ணாடி எல்லாம் நடுங்கியது. ஒற்றைச் சிலிண்டர்தான், ஆனால் ஒவ்வொரு அடியும் நெஞ்சுக்கூட்டுக்குள் விழுந்தது. டெல்பர்ட் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினான். மாமனார் உயிரோடு இருந்தபோது அவருக்குக்கூட அவன் தொப்பி கழற்றியதில்லை.

சந்தை நாளும் வந்தது. இந்தப் போட்டியில் ட்ராக்டரும் ஓட்டுகிற ஆளும் சேர்ந்துதான் தராசில் ஏறவேண்டும். மொத்தம் ஆயிரம் பவுண்டைத் தாண்டக்கூடாது. தராசுக்காரர் முள்ளைப் பார்த்தார், டெல்பர்ட்டைப் பார்த்தார்.

"நாற்பது பவுண்டு கூட இருக்கு, தம்பி."

ட்ராக்டரை அவன் வீட்டில் ஒழுங்காகத்தான் எடை போட்டிருந்தான். தன் எடையை மட்டும் ஓட்டுநர் உரிமத்திலிருந்து எடுத்துக்கொண்டான். கல்யாணத்துக்கு முன்னால் எழுதினது அது. அந்த ஊரில் எந்த ஆம்பிளை அதைத் திருத்தியிருக்கிறான்?

முன்னால் தொங்கும் இரும்புக் கட்டிகளைக் கழற்றினால் எடை சரியாகும். ஆனால் பாரம் ஏறினதும் ட்ராக்டர் மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். வெண்டல் வறுத்த சாசேஜைக் கடித்தபடி வந்து நின்றான்.

"பூட்ஸைக் கழட்டிப் பாரேன், டெல்பர்ட்."

டெல்பர்ட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பாடும் தராசு மேலேயே போச்சே என்று நின்றான்.

"நான் ஏறட்டுமா?" என்றாள் ஆர்டித். கையில் ஒரு புது ஹெல்மெட்.

"ஏது அது?"

"உன்னோடது எனக்குப் பெரிசு."

அவள் ஏறியதும் முள் கீழே இறங்கியது. இன்னும் ரெண்டு கட்டிகளை முன்னால் மாட்டவும் இடம் கிடைத்தது.

பின்னால் பாரவண்டியைக் கோத்தார்கள். இழுக்க இழுக்க அதன் பாரப்பெட்டி முன்னே நகர்ந்து வந்து அமுக்கும். வெண்டலின் ட்ராக்டரே முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் முழி பிதுங்கி நின்றிருந்தது. பச்சைக் கொடி விழுந்தது. ஆர்டித் அவசரப்படவில்லை. கிளட்சை மெல்ல, தூங்குகிற பிள்ளையைப் படுக்கவைப்பதுபோல விட்டாள். களிமண் பின்னால் தெறித்தது. முன்சக்கரம் ஒரு சாண் எழும்பி, அங்கேயே மிதந்தது. பாரப்பெட்டி முன்னே ஏறியது, எஞ்சின் குரல் இறங்கியது. அவள் உடம்பை முன்னே சாய்த்தாள். அந்தக் கிழட்டு இரும்பு இன்னொரு தரம் உறுமி, கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. இந்தப் பொம்பளையோடா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினோம் என்று டெல்பர்ட்டுக்கு உடம்பு புல்லரித்தது.

"அது நான் செஞ்ச எஞ்சின்டா" என்றான் வெண்டலிடம்.

"எஞ்சின் கிடக்கட்டும். அந்தம்மா கிளட்ச் விட்ட அழகைப் பாத்தியா?" என்ற வெண்டல், அவளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான்.

ஆர்டித் கோப்பையோடு வந்து கையுறைகளை டெல்பர்ட்டிடம் நீட்டினாள்.

"எண்ணெய் மாத்தி, டயரைக் கழுவி வை. நாளைக்குப் பக்கத்துக் கவுண்டியில இழுக்கணும்."

"நாளைக்கா? அங்கே ரொம்ப முன்னாடியே பேரு கொடுக்கணுமே. நீ எப்போ கொடுத்தே?"

"என் எஞ்சின் புகை கக்குதுன்னு சொன்னியே, அன்னைக்குச் சாயந்தரம்."