பார்க்காதவர்

பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களை நீங்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற இனம் ஒன்று உண்டு, தெரியுமா? அப்பீல் நீதிபதி.

தங்கமான மனிதர். கட்டுக்கட்டாகச் சாட்சியம் படிப்பார், ஓரத்தில் பென்சிலால் கோடு போடுவார், கோட்டை அழிப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மறுபடி மாட்டுவார், கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு எப்போதும் சொல்வதையே சொல்வார்: "சாட்சியோட முகத்தைக் கீழ்க்கோர்ட் ஜட்ஜ்தானே பார்த்தாரு? நான் பார்க்கலையே!" தீர்ந்தது கதை.

போன மாதம் ஒரு வழக்கு. தையல் மெஷின் திருடியதாகப் பேக்கரித் தொழிலாளி ஒருவனுக்கு எட்டு மாத ஜெயில். திருட்டு நடந்த அன்று சாயங்காலம் முழுக்கத் தம்பி தன் வீட்டில்தான் இருந்தான் என்று அவனுடைய அக்கா சாட்சி சொன்னாள். சொல்லும்போது பாவம், அவளுக்கு விடாத விக்கல். கீழ்க்கோர்ட்டில் என்ன எழுதினார்கள்? 'வாயைத் திறக்கும்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போடுகிறது. எனவே பொய்.'

அப்பீலில் வக்கீல் கெஞ்சினார்.

"ஐயா, அது வெறும் விக்கலுங்க!"

"விக்கல்னு எந்தப் பக்கத்துல இருக்கு?"

எந்தப் பக்கத்தில் இருக்கும்? விக்கலை அடிக்க டைப்ரைட்டரில் விசை ஏது?

"தண்ணி கொடுத்ததா ஏழு இடத்துல இருக்குங்களே!"

"தாகமா இருந்திருக்கும். பார்த்தவருக்குத்தான் தெரியும்."

பின்பெஞ்சிலிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நேராக முன்னால் வந்துவிட்டாள். "அப்ப நீங்களும் பாருங்கய்யா! இதோ நிக்கிறேன். என் தம்பிய உள்ள போட்டுடாதீங்க!"

நம்மவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? சடாரென்று கேஸ் கட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஐயையோ, கிட்ட வராதீங்கம்மா! பார்த்துட்டா அப்புறம் நானே முடிவு பண்ண வேண்டி வந்துடும்!"

கட்டுக்குப் பின்னாலிருந்தே தீர்ப்பு வந்தது. அப்பீல் தள்ளுபடி. ஜாமீனில் வந்து நின்ற தம்பியை ஜெயிலுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

உங்களுக்கும் எரிகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அவன் மெஷினைத் திருடினானா இல்லையா என்று நான் சொல்லவே இல்லையே! அந்த அக்காவை நீங்கள் பார்த்தீர்களா? விக்கலைக் கேட்டீர்களா? போகட்டும், என் முகத்தையாவது பார்த்திருக்கிறீர்களா? ஒன்றும் கிடையாது. ஆனாலும் பாதி வழியிலேயே அவனை விடுதலை செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த மனுஷர் எவ்வளவோ தேவலை. தான் பார்க்கவில்லை என்பதையாவது ஒப்புக்கொண்டார்.