அந்தக் குரல் என் பெட்டியிலிருந்து வந்தது

அன்பு மருமகனுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நீ எனக்கு ஒரு பெரிய அநியாயம் செய்திருக்கிறாய். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய குற்றத்தை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், உன் தொலைக்காட்சித் தொடரில் காட்டாமல் விட்டுவிட்டாய். முறை என்று ஒன்று இருப்பதால் நலமும் எழுதிவிடுகிறேன். நான் நலம். என் இடது முழங்கால் நலமில்லை. உன் அத்தை எங்கள் இருவரையும்விட நலம். நீயும் உன் குழுவினரும் நலமாக இருக்க வேண்டும். இருந்தால்தானே அந்தக் காட்சியை மறுபடி எடுக்க முடியும்.

நேற்று நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. "மாமா, சர்வாதிகாரி முதல் தடவை மேடை ஏறுற காட்சி எடுக்கிறோம், வந்து பாருங்க" என்று கார் அனுப்பியது நீ. வந்தேன். நாற்காலி போட்டாய், உட்கார்ந்தேன். மேடையிலிருந்த மைக்கைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். அது அவன் ஆட்சிக்கு வந்து ஐந்து வருஷம் கழித்துக் கடைக்கு வந்த மைக். எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் உள்ளே என்னதான் இருக்கிறது என்று கழற்றிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை, வெறும் கூடு. திரும்ப மாட்டும்போது மூடி உருண்டு மேடைக்கு அடியில் போய்விட்டது. அதை எடுக்க உள்ளே தவழ்ந்து போனவர் உங்கள் மேக்கப்காரர் என்பதும், அவர் கையிலிருந்த மீசைப் பசையில் மூடி ஒட்டிக்கொள்ளும் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

அதுகூடப் போகட்டும். உன் நடிகர் மேடை ஏறி வாயைத் திறந்தார் பார், அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. சிங்கம் மாதிரி குரல்! இருநூறு பேர் ஆரவாரம்! அதனால்தான் எழுந்து நின்று, "நிறுத்துங்க! அவனுக்கு இந்தக் குரல் கிடையாது!" என்று கத்தினேன். இதுவும் வசனம் என்று நினைத்துக் கூட்டமாக நடிக்க வந்தவர்கள் இருநூறு பேரும் "கிடையாது! கிடையாது!" என்று கையை உயர்த்தியதற்கு நான் பொறுப்பில்லை.

"மாமா, தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க" என்றாய் நீ. உன் நடிகர்தான் நல்ல மனிதர். "இருங்க சார். பெரியவரே, அப்ப அவர் குரல் எப்படித்தான் இருந்துச்சு?" என்று கேட்டார். பேசிக் காட்டினேன். இருநூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கச் சொல்லி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நீ அதைக் கவனிக்கவில்லை. காருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாய்.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். அவன் எடைக்கல் சோதிக்கும் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். தெருக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் கீச்சு. தெருவில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு கூட்டம் போட்டார்கள். வந்தவர்கள் அறுபது பேர். இவனுக்குக் கொடுத்தது நன்றியுரை, மூன்று நிமிஷம். மைக்செட் என்னுடையது. எந்தப் பள்ளியிலும் படிக்காமல், நாலு பழைய பெட்டிகளைப் பிரித்துப் பிரித்து மாட்டி நானே கற்றுக்கொண்டு செய்த ஆம்ப்ளிஃபயர். அன்றுதான் அதற்கு முதல் கூட்டம். அவன் "பெரியோர்களே" என்றான். கூட்டம் சிரித்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் செட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்! உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. டோன் குமிழை அடிமட்டம் வரை திருப்பினேன். எதிரொலியைக் கூட்டினேன். அடுத்த வாக்கியம் மலையிலிருந்து வருகிற மாதிரி வந்தது. சிரிப்பு நின்றது. பிறகு பின்பக்கம் எங்கேயோ ஒரே ஒரு ஆள் கை தட்டினான். அதைக் கேட்டுப் பத்துப் பேர், அப்புறம் எல்லாரும். மூன்று நிமிஷப் பேச்சு நாற்பது நிமிஷம் ஆயிற்று.

கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தான். "அண்ணே, அது என் குரலா?"

"பின்னே யாரோடது? உங்க குரல்தான் தம்பி" என்றேன். செட் என்னுடையது, பெருமை என்னுடையது, அதனால் பொய்யும் என்னுடையது. அன்றிலிருந்து ஏழு வருஷம் நான் இல்லாமல் அவன் மேடை ஏறியதில்லை. மேடைகள் பெரிதாயின. கூட்டங்கள் பெரிதாயின. பிறகு அவனை யாரும் கீச்சு என்று சொல்ல முடியாமல் போயிற்று. பாடம் நடத்தும்போது அப்படிச் சொன்ன உன் அப்பாவை வகுப்பறையிலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அதற்கு அடுத்த கூட்டத்தில் குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பினேன். சதுக்கம் முழுவதும் கீச்சுக் குரல். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கேயோ ஒருத்தர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார், பிறகு எங்கெங்கோ. என்னை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டபோது, "செட்டுல வால்வு போச்சுங்க" என்றேன். என்னை நீக்கி வேறு ஆளைப் போட்டார்கள். நான் அவனைக் கவிழ்த்தேன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் நாலு வருஷம் இருந்தான். வேலையை நிறுத்தியவர்களும் சிறைக்குப் போனவர்களும்தான் அவனை இறக்கினார்கள், உன் அப்பாவையும் மீட்டார்கள். ஆனால் அவன் பெயர் கீச்சு என்பது அன்றைக்கு எல்லாருக்கும் மறுபடி ஞாபகம் வந்தது.

உன் அப்பா ஒரு சிங்கத்திடம் அகப்பட்டார் என்று காட்ட உனக்கு ஆசை. புரிகிறது. ஆனால் சிங்கம் என்று காட்டினால், அவனைப் போல் அடுத்தவன் வரும்போது பார்க்கிறவர்கள் என்ன செய்வார்கள்? சிங்கத்தை யார் என்ன செய்ய முடியும் என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவனுக்கு ஒரு மைக்செட்காரன் தேவைப்பட்டான் என்று காட்டு. நாளைக்கு ஒரு மைக்செட்காரனாவது குமிழில் கை வைக்கும்முன் யோசிப்பான்.

அந்த முதல் கைதட்டல்காரனையும் விடாதே. ஐம்பது வருஷமாக அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் முகத்தை அருகில் காட்டு. மூளையே இல்லாத முகமாகப் பார்த்துப் போடு.

உன் தொடர் நூறு வீடு தாண்டி ஆயிரம் வீடு போகட்டும். உன் கோபம் இந்த வாரத்துக்குள் தணியட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்

பின்குறிப்பு: தபாலில் போடும்முன் இதை உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். கைதட்டல் வந்த இடத்தில் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

"அது ஆம்பள இல்லைங்க. நான்தான்."

"நீயா? அவன் பேச்சுக்கா?"

"அவன் என்ன பேசினான்னு யாரு கேட்டா? பெட்டிக்கிட்ட ஒருத்தர் அழுதுடுற மாதிரி நின்னாரு. சத்தம் சரியானதும் அவரு முகமும் சரியாப் போச்சு. அந்த முகத்துக்குத்தான் தட்டினேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"அண்ணனைப் பிடிச்சிட்டுப் போன அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க குமிழைப் பத்திச் சொல்லி அழுதுட்டிருந்தீங்க. உங்களுக்கு அந்த ஒரு பாரமே போதும்னு விட்டுட்டேன்."

ஆகவே மருமகனே, மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துவிடு, சிங்கக் குரலையே வைத்துக்கொள் என்று எழுதினேன். அத்தை பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்துவிட்டாள். "நானும் தட்டினேன்னு போடட்டும். என்னை மட்டும் எதுக்கு விடணும்?" என்கிறாள். மூளை பற்றிய வரியையும் அவளே அடித்தாள்.

எனவே நீ அந்தக் காட்சியை மறுபடி எடு. உன் நடிகர் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து கீச்சுக் குரலைப் பழகட்டும். மேக்கப்காரர் தன் மீசைப் பசையைத் தானே பார்த்துக்கொள்ளட்டும். பரணிலிருக்கும் பழைய பெட்டியை நான் இறக்கித் துடைத்து வைக்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் அந்த இருநூறு பேரும் சிரிக்கட்டும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கை தட்டுவதை அத்தை செய்வாள், ஒரே ஒரு தடவை.